நத்தை மாலை

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட. டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்காருங்கள். புதுவாயல் கங்கம்மா துப்புத் துலக்கிய கேஸ்களில் ஐந்தைக் கேட்டுவிட்டீர்கள். இது ஆறாவது. பழி வாங்கிய கதை. ரத்தம் இல்லை, பயப்படாதீர்கள். ஆனால் கேட்கக் கேட்க உங்களுக்கே பல்லைக் கடிக்கத் தோன்றும். இதில் சாட்சி சொன்னவர்களுக்கு வாய் உண்டு, பேச்சு கிடையாது. நடை உண்டு, அவசரம் கிடையாது. அவர்கள் யாரென்று போகப் போகத் தெரியும்.

நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. புதுவாயல் கூட்டுரோட்டில் பரோட்டாக் கடைக்கு மேலே இருந்த மாடிக்கு ஹெலன் ஏறி வந்தாள். தோளில் சாப்பாட்டுப் பை. அதில் சோறு இல்லை. இரண்டே பொருள்தான் இருந்தது. ஒன்று, அவள் வேலை பார்க்கும் ரோலிங் மில்லில் வெட்டிக் கழித்த கம்பித் துண்டு. ஒரு முழ நீளம். மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் தரையில் தேய்த்துத் தேய்த்து அதன் ஒரு முனையை அவளே கூராக்கியிருந்தாள். இன்னொன்று, ஒரு மாலை.

"யாரைக் குத்தப் போறே?" என்று கேட்டாள் கங்கம்மா. ஹெலன் இன்னும் உட்காரக்கூட இல்லை.

ஹெலன் பையை இறுக்கிப் பிடித்தாள்.

"பையி ஒரு பக்கமா இழுக்குது. சோத்து டப்பா அப்படி இழுக்காது. மில்லு யூனிபாரத்தோட வந்துகீறே. உள்ள இரும்பு. உன் மூஞ்சப் பாத்தா அது ஆணி அடிக்கிறதுக்கு இல்ல."

"தோசை திருப்பியா இருந்தா நம்ம பொழப்பு சிரிப்பா பூடும்க்கா," என்றான் மூலையில் இட்லி தின்றுகொண்டிருந்த ஸ்டீவன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். சவாரி இல்லாத நேரத்தில் கங்கம்மாவுக்கு உதவியாளன். சவாரி அவனுக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை.

"நீ நாஷ்டாவ முடி நைனா," என்றாள் கங்கம்மா. ஐம்பது தாண்டியவள். பதினெட்டு வருஷம் பழவேற்காட்டுப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்க்குச் சிப்பி சலித்துப் பொறுக்கியவள். அந்த வேலை போன பிறகுதான் இந்த வேலை. "உக்காரும்மா. யாரை?"

"வெங்கடேசன்," என்றாள் ஹெலன். அந்தப் பெயரைச் சொன்னதும் அவள் வாய் கசந்தது. "நீலத்துளி கம்பெனி சூப்பர்வைசர். அவன் என் தம்பிய மாட்டி உட்டான்னு நீங்க ருசுப்பிச்சுக் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்காத கம்பெனி ஒன்று உண்டென்றால் அது நீலத்துளி. கடல் நத்தை வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். நாற்பது தொட்டி, கடலிலிருந்து டாங்கர் லாரியில் வரும் உப்புத் தண்ணீர், நத்தைக்குத் தீனியாகக் கடற்பாசி. ஹெலனின் தம்பி எட்வர்ட் அங்கே சேர்ந்தது செப்டம்பர் பதினாறு. ஆயுத பூஜைக்காகத் தொட்டிகளைக் கழுவி, நத்தைகளை எண்ணியபோது, இனவிருத்திக்கு வைத்திருந்த உயர்ந்த ஜாதி நத்தைகளில் இருநூறு குறைந்தது. மூன்றாம் நாள் எட்வர்டின் வீட்டுக்குப் பின்னால் தோண்டிப் பார்த்தார்கள். வெந்த நத்தையின் வெற்று ஓடுகள் முப்பத்தொன்று கிடைத்தன.

வெங்கடேசன் அந்த ஓடுகளை ஓட்டை போட்டு, நைலான் கயிற்றில் கோத்து, ஷிப்ட் மாறுகிற இரண்டு மணிக்குக் கேட்டுக்கு முன்னால் எட்வர்டை நிறுத்தி, 'இவன்தான் நத்தைத் திருடன்' என்று கத்தி, அவன் கழுத்தில் போட்டான். இருநூறு பேர் பார்த்தார்கள். எத்தனையோ பேர் போனில் பிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் போலீஸ், புழல் சிறை எல்லாம்.

"நாப்பது நாளாச்சு," என்றாள் ஹெலன். "திங்கக்கெழம பொன்னேரி கோர்ட்டுல நிக்க வெக்கிறாங்க. ஒத்துக்கோ, சீக்கிரம் வெளிய வந்துடலாம்னு பாக்கி அண்ணன் சொல்லிக்கீறாரு. தம்பியும் சரின்னுட்டான். ஒத்துக்கினான்னா அப்பறம் இந்த எஸ்டேட்டுல எந்தக் கேட்டு அவனுக்குத் தொறக்கும்? சாவுற வரைக்கும் நத்தைத் திருடன்தான்."

"பாக்கி அண்ணன் யாரு?"

"பாக்கியநாதன். அந்தக் கம்பெனி டாங்கர் ஓட்டுறாரு. தம்பிக்கு வேலை வாங்கிக் குடுத்ததே அவர்தான். வக்கீலு, புழலுக்குக் கூட்டிக்கினு போறது, எனக்கு சாப்பாடு கொண்டாந்து குடுக்கிறது, எல்லாம் அவர்தான். அவர் இல்லன்னா நான் செத்திருப்பேன்."

சொல்லிவிட்டு ஹெலன் மாலையை எடுத்து மேசைமேல் போட்டாள். ஓடுகள் ஒன்றோடொன்று உரசிக் கரகரவென்றன. ஒவ்வொன்றும் எலுமிச்சம் பழ அளவு.

"இத்த எதுக்கும்மா வெச்சிக்கீறே?" என்றான் ஸ்டீவன். "எறிஞ்சிருக்கலாம்ல?"

"கேட்டாண்ட கழட்டிப் போட்டத நான்தான் பொறுக்கிக்கினு வந்தேன். மறக்கக் கூடாதுன்னுதான். ஊட்டுல மாதா படத்துக்குக் கீழ ஆணியில மாட்டிக்கீறேன். எழுந்ததும் இத்த ஒரு தபா பாப்பேன். அப்பறம்தான் டீ."

கங்கம்மா ஒரு ஓட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். முகர்ந்தாள். ஓட்டின் வாய் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினாள். அடுத்த ஓடு. அடுத்தது. ஆறு ஓடு பார்த்த பிறகு தலையைத் தூக்கினாள்.

"நாப்பது நாளா பாத்தே. ஆனா பாக்கல."

"இன்னாக்கா?"

"நத்தை வளர வளர ஓடு வாய் ஓரத்துலதான் கூடும். உள்சுத்து பழசு, ஓரம் புதுசு. இன்னா பாசி துன்னுதோ அந்தக் கலரு ஓட்டுல ஏறும். செவப்புப் பாசி துன்னா செங்கல் கலரு. பச்சைப் பாசி துன்னா பச்சை. இத்த பாரு. உள்ள சுத்து பூரா செங்கல். ஓரத்துல?"

ஹெலன் குனிந்து பார்த்தாள். ஓரத்தில் பச்சை. கிட்டத்தட்ட அரை விரல் அகலத்துக்குப் பச்சை. முப்பத்தொன்றிலும்.

"பச்சைக்கு நடுவுல மெலிசா ஒரு வெள்ளைக் கோடு ஓடுது பாரு. அதுவும் எல்லாத்துலயும் கீது. அத்த அப்பறம் பேசலாம்." கங்கம்மா எழுந்தாள். "ஸ்டீவனு, ஆட்டோவ எடு."

"நத்தையப் புடிக்கப் போறதுக்கு நம்ம ஆட்டோ போதும்க்கா. அதுக்கு மேல ஸ்பீடு வேணாம்."

பதினோரு மணிக்கு நீலத்துளி கேட்டுக்கு எதிர்த்த டீக்கடையில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டீவன் கம்பெனிக் குப்பைமேட்டில் கை விட்டு, செத்த நத்தைகளின் ஓடு நாலைப் பொறுக்கி வந்திருந்தான். நாலும் ஓரம்வரை ஒரே செங்கல் நிறம்.

வெங்கடேசன் டீ குடிக்க வந்தான். வெள்ளைச் சட்டை, இடுப்பில் சாவிக் கொத்து. ஹெலனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஹெலனின் கை பைக்குள் போய்க் கம்பியைத் தொட்டது. கம்பி சில்லென்றிருந்தது. கங்கம்மா பார்க்காத மாதிரியே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வெங்கடேசனிடம் திரும்பினாள்.

"சார், உங்க நத்தைக்கு இன்னா சாப்பாடு?"

"நீங்க யாரு?"

"சிப்பி பொறுக்கினவ. ஒரு சந்தேகம், அவ்ளோதான்."

"கஞ்சிப்பாசி," என்றான் வெங்கடேசன். தன் நத்தைகளைப் பற்றி யாராவது கேட்டால் அவனுக்கு வாய் மூடாது. "செவப்பு ஜாதி. ராமநாதபுரத்துலேர்ந்து வாரம் ஒரு லோடு. லோடு வரலன்னா காயவெச்ச கஞ்சிப்பாசி. வேற எதுவும் தொட்டிகிட்டயே வரக் கூடாது."

"மொகத்துவாரத்துக் கல்லுல பச்சைப் பாசி சும்மாவே கெடைக்குதே?"

"அத்த துன்னா ஓடு மெலிஞ்சிடும்மா. சதையும் கெட்டியா இருக்காது. மாத்திப் போட்டா ஓரத்துல பச்சை கட்டிக்கும், வாங்குறவன் மூஞ்ச சுளிப்பான்."

கங்கம்மா மாலையிலிருந்து அவிழ்த்து வைத்திருந்த ஒரு ஓட்டை அவன் டீ கிளாஸ் பக்கத்தில் வைத்தாள். "அப்ப இது?"

வெங்கடேசன் பார்த்தான். கிளாஸ் வாய்க்கருகே போய் அப்படியே நின்றது.

"நீங்கதான சார் கோத்தீங்க? ஓட்டை போட்டு, கயிறு உட்டு, முடிச்சு போட்டு. முப்பத்தொண்ணுல ஒண்ணுத்தோட ஓரத்தயாவது பாத்தீங்களா?"

அவன் ஓட்டைக் கையில் எடுத்தான்.

"மாசத்துக்கு எவ்ளோ வளரும் சார்?"

"ஒரு அரிசி அகலம்."

"இதுல பச்சை எத்தினி அரிசி?"

அவன் நகத்தால் அளந்தான். ஒருமுறை அளந்து நம்பாமல் மறுபடி அளந்தான். "மூணரை."

"அக்டோபர் நடுவுலேர்ந்து பின்னாடி போங்க."

"ஜூன் கடைசி," என்றான் வெங்கடேசன் மெல்ல. "ஜூன் கடைசியிலயே இதுங்க தொட்டிய உட்டுப் போய்க்கீது. எங்கயோ பச்சைப் பாசி துன்னுகினு இருந்திருக்குது."

"எட்வர்டு சேந்தது?"

"செப்டம்பர்."

ஹெலன் எழுந்துவிட்டாள். "அப்ப நீதான்டா! தொட்டி சாவி உன் இடுப்புலதான் தொங்குது. எடுத்தது நீ, மாலை என் தம்பிக்கா?"

"நானா?" வெங்கடேசன் கிளாஸைக் கீழே வைத்தான். "பதினாலு வருஷம்மா. ஞாயித்துக்கெழமகூட வருவேன். என் பொண்ணு கல்யாணத்துக்கே அரை நாள்தான் லீவு போட்டேன். இன்னிக்கும் ஊட்டுல அத்த சொல்லித் திட்டுறா. நானா எடுப்பேன்?"

"அரை நாளு," என்றாள் கங்கம்மா, அதை மட்டும் வாங்கி வைத்துக்கொள்கிற மாதிரி.

அப்போது கேட்டுக்குள்ளிருந்து டாங்கர் லாரி வெளியே வந்தது. வரிசையில் நின்ற தொழிலாளிகளின் சோற்று டப்பாவையும் ஹெல்மெட்டையும் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்த செக்யூரிட்டி, டாங்கரின் வயிற்றில் தடியால் ஒரு தட்டுத் தட்டினான். டொங்கென்று காலிச் சத்தம். போ என்று கையைக் காட்டினான்.

லாரி டீக்கடையருகே மெதுவானது. ஜன்னலில் பாக்கியநாதனின் சிரித்த முகம். "தங்கச்சி, சாப்டியா? மொகம் வாடிக்கீது. சாயங்காலம் ஊட்டாண்ட வரேன், இன்னா?"

"சரிண்ணா," என்றாள் ஹெலன். கண் கலங்கியது. இந்த உலகத்தில் தன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு ஆள் இருக்கிறான்.

லாரி போன பிறகு கங்கம்மா வெங்கடேசனைத் தனியாகக் கூட்டிப்போய் ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டு உள்ளே ஓடினான். ஓடுகிறவன் முதுகையே ஹெலன் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த இடத்தில் கம்பி இறங்க வேண்டும் என்று அவள் கண் அளந்தது.

ஆட்டோவில் ஏறியதும் கங்கம்மா சொன்னாள்: "உசுரோட நத்தை வெச்சு ஒரு பரிச்சை பாக்கணும். அதுக்கு உப்புத் தண்ணி வேணுமே. பழவேற்காடு வரைக்கும் போவணுமா?"

"எதுக்குக்கா அவ்ளோ தூரம்?" என்றாள் ஹெலன். "பொன்னேரி தாண்டினா பாக்கி அண்ணன் ஊடு. டாங்கர் ஓட்டுறவரு, ஒரு டிரம்மாவது புடிச்சு வெச்சிருப்பாரு. நான் கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டாரு."

கங்கம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. ஹெலனுக்கு அது அப்போது புரியவில்லை.

"சரி, போலாம். ஸ்டீவனு, வழியில ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடு."

"ஆம்புலன்சுக்கும் சேத்துப் போடட்டாக்கா? தங்கச்சி பை இன்னும் ஒரு பக்கமா இழுத்துகினுதான் கீது."

பாக்கியநாதனின் வீடு ஆரணியாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், வயலை ஒட்டித் தனியாக இருந்தது. மனைவி சண்டை போட்டுத் தாய் வீட்டுக்குப் போய் ஒரு வருஷமாகிறது. வாசலில் டாங்கர் நின்றது. "ண்ணா!" என்று கூப்பிட்டுக்கொண்டே ஹெலன் பின்கட்டுக்குப் போனாள். தன் அண்ணன் வீட்டில் புழங்குகிற உரிமை அவள் நடையில் இருந்தது. அங்கே ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நீலத் தார்ப்பாய் மூடிய சிமெண்ட் தொட்டி. பக்கெட்டை எடுத்து, தண்ணீர் மொள்ளுவதற்காகத் தார்ப்பாயை அவளே விலக்கினாள்.

தொட்டிச் சுவரில் எலுமிச்சம் பழ அளவில் உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஐம்பது, அறுபது, நூறு. அடியில் பச்சைப் பாசி கொத்துக் கொத்தாகக் கிடந்தது.

பக்கெட் அவள் கையிலிருந்து விழுந்தது.

"தங்கச்சி..." பின்னால் பாக்கியநாதன். கையில் சோற்றுத் தட்டு. அவன் முகம் ஒரு நொடி வெளுத்தது. ஒரே நொடிதான். உடனே தட்டை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான். "நல்ல வேளை நீயே பாத்துட்டே. திங்கக்கெழம கோர்ட்டுலயே சொல்லலாம்னு இருந்தேன். இத்த வெங்கடேசன்தான் போன வாரம் கொண்டாந்து உட்டான். பத்திரமா வெச்சிக்கோ, வாயத் தொறந்தா வேலை பூடும்னான். உன் தம்பி கழுத்துல மாலை போட்ட அதே கைதான் தங்கச்சி."

ஹெலனுக்கு மூச்சு வந்தது. அதுதானே! அவள் நாற்பது நாளாக நம்பியதுதானே! பைக்குள் கை போனது. அந்த நேரம் பார்த்து வாசலில் பைக் சத்தம் கேட்டது. வெங்கடேசன், கையில் ஒரு வாளியோடு, பின்கட்டுக்கே வந்து நின்றான்.

கம்பி வெளியே வந்துவிட்டது.

"ஒரு அரை மணி," என்றாள் கங்கம்மா. அவள் குறுக்கே வரவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "நாப்பது நாள் பொறுத்தவ, அரை மணி பொறு. சாட்சிங்க இன்னும் சாப்புடல. சாப்ட்ட பிறகு யாரைக் குத்தணும்னு நீயே முடிவு பண்ணு. நான் தடுக்க மாட்டேன்."

வெங்கடேசன் கொண்டுவந்த வாளியில் கஞ்சிப்பாசி இருந்தது, செக்கச் செவேலென்று. கங்கம்மா ஒரு அகலமான தாம்பாளத்தில் தொட்டித் தண்ணீரை ஊற்றினாள். ஒரு ஓரத்தில் சிவப்புப் பாசி, எதிர் ஓரத்தில் பச்சைப் பாசி. நடுவில் எட்டு நத்தை.

"போன வாரம் வரைக்கும் கம்பெனி தொட்டியில இருந்திருந்தா இதுங்க எத்த துன்னும் சார்?"

"கஞ்சிப்பாசியத்தான்," என்றான் வெங்கடேசன், ஹெலன் கையிலிருந்த கம்பியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "பழகின பாசிய உட்டு வேற பாசிக்கு மாற பத்துப் பதினஞ்சு நாள் ஆவும். அது வரைக்கும் பட்டினி கெடக்குமே தவிர வாய வெக்காது."

எல்லோரும் தாம்பாளத்தைச் சுற்றி நின்றார்கள். நத்தைகள் மூடியைத் திறக்கவே பத்து நிமிஷம் ஆனது.

"இந்தக் கோர்ட்டுல சாட்சி கூண்டுக்கு ஏர்றதுக்குள்ள ஜட்ஜு ரிட்டயர் ஆயிடுவாரு," என்றான் ஸ்டீவன்.

முதல் நத்தை இரண்டு கொம்பையும் நீட்டிச் சிவப்புப் பக்கம் கொஞ்சம் தடவிப் பார்த்தது. பாக்கியநாதன் நெஞ்சை நிமிர்த்தினான். நத்தை கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டு, நிதானமாகத் திரும்பி, பச்சையை நோக்கி நகர ஆரம்பித்தது. பின்னாலேயே இன்னொன்று. அரை மணி முடியும்போது ஏழு நத்தை பச்சைப் பாசிமேல் உட்கார்ந்து அதைச் சுரண்டிக்கொண்டிருந்தன. எட்டாவது தூங்கிவிட்டது.

"ஒரு சாட்சி பல்டி," என்றான் ஸ்டீவன். "மீதி ஏழும் சொன்னது சொன்னதுதான்."

"நத்தை பேச்சையெல்லாம் கேட்டுகினு வந்துட்டீங்களா?" என்று கத்தினான் பாக்கியநாதன். "போன வாரம் இல்ல, ஜூன்லயே கொண்டாந்து உட்டான். பயந்துகினு மாத்திச் சொன்னேன். தங்கச்சி, உன் பாக்கி அண்ணன நம்பு!"

"சரி. ஜூன்லேர்ந்து சோறு போட்டது யாரு? நீயா, அவரா?" என்றாள் கங்கம்மா.

"அவன்தான். தெனம் வந்து போட்டுட்டுப் போவான்."

இந்தப் பதிலுக்காகத்தான் கங்கம்மா காத்திருந்தாள். தாம்பாளத்திலிருந்து ஒரு நத்தையை எடுத்து, ஓரத்தை ஹெலனுக்குக் காட்டினாள். உள்ளே செங்கல், ஓரத்தில் பச்சை, பச்சைக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு. மாலையில் இருந்த அதே கோடு.

"சோறு இல்லன்னா ஓடு வளராது. பட்டினி கெடந்து மறுபடி துன்ன ஆரம்பிச்சா இப்படிக் கோடு உழும். ரெண்டு அரிசி பச்சைக்கு அப்பறம் உழுந்துகீது. அப்டீன்னா ஆகஸ்டு கடைசி. பத்துப் பன்னெண்டு நாள் இதுங்களுக்கு யாரும் சோறு போடல. வெங்கடேசன் சாரு பொண்ணு கல்யாணத்துக்கே அரை நாள் லீவு போட்ட மனுசன். ஹெலனு, நீ சொல்லு. ஆகஸ்டு கடைசியில பன்னெண்டு நாள் ஊர்லயே இல்லாத ஆளு யாரு?"

ஹெலனுக்குத் தேதிகூடத் தெரியும்.

ஆகஸ்ட் பதினெட்டு. விடிகாலை. காவி உடுத்தின கூட்டம், சின்னத் தேரில் மாதா சொரூபம், மைக்கில் பாட்டு. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் கும்மிடிப்பூண்டி தாண்டிப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் பாக்கி அண்ணன். அவள் ஓடிப்போய் அவன் கையில் ஒரு முழ நீள மெழுகுவத்தியைக் கொடுத்தாள். "மாதாகிட்ட ஏத்துங்கண்ணா. தம்பிக்கு ஒரு வேலை கெடைக்கணும்னு வேண்டிக்கோங்க." இருபத்தொன்பதாம் தேதி கொடியேற்றம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவனின் கொப்புளம் கட்டிய பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் காய்ச்சித் தடவியதும் அவள்தான். அடுத்த இரண்டு வாரத்தில் எட்வர்டுக்கு வேலை கிடைத்தது. மாதா கண் திறந்தாள் என்று அவள் அழுதாள்.

"நான்தான் மெழுகுவத்தி குடுத்தேன்," என்றாள் ஹெலன். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "ஏத்தினியா?"

பாக்கியநாதன் சோற்றுத் தட்டை ஓரமாக நகர்த்தினான்.

"ஏத்தினியான்னு கேக்கறேன்!"

"ஏத்தினேன்," என்றான் அவன்.

"என் தம்பிக்கு வேலை வேணும்னு வேண்டிகினியா? இல்ல, பழி போட ஒரு ஆளு வேணும்னு வேண்டிகினியா?"

அவன் சுவரில் சாய்ந்தான். "பன்னெண்டு வருஷம் தண்ணி ஊத்தினேன் ஹெலனு. அவங்க நத்தை, அவங்க தொட்டி, அவங்க டப்பு. எனக்குன்னு ஒரு தொட்டி வெச்சுக்கலாம்னு... ஆயுத பூஜைக்கு எண்ணுவாங்கன்னு தெரியும். புதுசா ஒரு ஆளு இருந்தா அவன் மேலதான் மொதல்ல கண்ணு போவும். முப்பத்தொண்ண வேக வெச்சு அவன் ஊட்டுப் பின்னாடி பொதைச்சது நான்தான். சின்னப் பையன், சீக்கிரம் வெளிய வந்துடுவான்னு..."

"டாங்கர் உள்சுவத்துல ஒட்ட வெச்சுக் கொண்டாந்தியா?" என்றாள் கங்கம்மா.

அவன் தலையாட்டினான். வெங்கடேசன் கன்னத்தில் அறைந்த மாதிரி நின்றான். பதினாலு வருஷமாக அவன் கேட்டில் ஹெல்மெட்டைத் திறந்து பார்த்தார்கள். டாங்கரைத் தட்டி மட்டும் பார்த்தார்கள். தட்டினால் தண்ணீர் இல்லை என்றுதான் தெரியும், நத்தை இல்லை என்று தெரியாது.

ஹெலன் கம்பியோடு பாக்கியநாதனிடம் போனாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஸ்டீவன் ஒரு அடி முன்னால் வைத்தான். கங்கம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

கம்பி கீழே சிமெண்டுத் தரையில் விழுந்து கணீரென்றது.

"இது ஒரு நிமிச வேலை," என்றாள் ஹெலன். "என் தம்பிக்கு நாப்பது நாளு. உனக்கு ஒரு நிமிசம் போதாது."

இன்ஸ்பெக்டர் ஜீப் வந்தபோது மணி ஒன்று. டாங்கரையும் கம்பெனித் தொட்டியையும் காட்டச் சொல்லிப் பாக்கியநாதனைக் கும்மிடிப்பூண்டிக்கே கூட்டிப்போக வேண்டியிருந்தது. கேட்டுக்கு முன்னால் இறங்கியபோது மணி சரியாக இரண்டு. ஷிப்ட் மாறுகிற நேரம். சோற்றுப் பையோடு இருநூறு பேர். இன்ஸ்பெக்டருக்கு அந்த நேரம் பார்த்து டீ குடிக்கத் தோன்றியது. அவர் கடைப் பக்கம் திரும்பி நின்றார்.

ஹெலன் மாலையை எடுத்தாள்.

முதலில் வெங்கடேசன் முன்னால் போய் நின்றாள். கங்கம்மா டீக்கடையில் அவிழ்த்த அந்த ஒற்றை ஓட்டை அவன் வெள்ளைச் சட்டைப் பையில் போட்டாள். "இது உனக்கு. சட்டை மாத்துறப்பல்லாம் இத்தயும் அந்தப் புதுச் சட்டைக்கு மாத்திக்கோ. ஓரத்தப் பாக்காம கோத்த பாரு, அது ஞாபகம் இருக்கணும். இப்ப சொல்லு. அன்னிக்கு எவ்ளோ சத்தமா சொன்னியோ அவ்ளோ சத்தமா."

வெங்கடேசன் தொண்டையைச் செருமினான். "எட்வர்டு திருடல," என்றான்.

"கேக்கல."

"எட்வர்டு திருடல! நான்தான் தப்புப் பண்ணேன்!"

போன்கள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. அன்றைக்கு உயர்ந்த அதே போன்கள். அதற்குப் பிறகுதான் ஹெலன் பாக்கியநாதனிடம் வந்தாள். முப்பது ஓடு கோத்த மாலையை அவன் கழுத்தில் போட்டாள். கயிறு பின்கழுத்தில் புரளாமல் நேராக இழுத்து விட்டாள், கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குச் சரி செய்கிற மாதிரி. பிறகு குனிந்து, அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி, அவன் அவளைத் தினமும் கேட்டதையே கேட்டாள்.

"சாப்டியாண்ணா?"

அந்த மனிதன் அப்போதுதான் அழுதான். ஹெலன் பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணைக்கூட இமைக்கவில்லை.

திங்கட்கிழமை பொன்னேரி கோர்ட்டில் எட்வர்ட் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ள எதுவும் இல்லை. சாயங்காலம் வெளியே வந்தவன், வீட்டில் மாதா படத்துக்குக் கீழே வெறும் ஆணியைப் பார்த்து, "இங்க இன்னாக்கா மாட்டியிருந்தே?" என்று கேட்டான். ஹெலன் தன் சாப்பாட்டுப் பையை அந்த ஆணியில் மாட்டிவிட்டு, டீ போடப் போனாள்.

அவ்வளவுதான் கண்ணுங்களா. எழுந்து போகுமுன் இதையும் வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கால் வைக்கிற கேட்டெல்லாம் திறந்தே இருக்கட்டும். உங்கள் தட்டில் சோறு போடுகிற கை கள்ளமில்லாத கையாக இருக்கட்டும். உங்கள் வீட்டுச் சுவரில் அடித்த ஆணி ஒவ்வொன்றிலும் பையும் சட்டையும் காலண்டரும் மட்டுமே தொங்கட்டும், கோபம் ஒருநாளும் தொங்க வேண்டாம். நல்லா இருங்க, எல்லாரும் நல்லா இருங்க.